மூன்று பேரும் ஒரு கையும்

இந்த மாதம் எங்கள் வீதியில் மூன்று பேரும் ஒரு கையும் இறந்துபோனார்கள். கை என் அப்பாவுடையது.

மூன்று பேருக்கும் பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். கைக்கு வைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கருங்கல் வீதி குடியிருப்போர் நலச் சங்கத்தின் விதிப்படி, பேனருக்கு முகம் வேண்டும். அப்பாவின் முகம் அவரோடு போய்விட்டது. படத்தில் மிஞ்சியிருப்பது கை மட்டும்.

அப்பா பெயர் மாரப்பன். பொன்னொளி ஸ்டுடியோவில் முப்பத்தொரு வருடம் உதவியாள். இடது கையில் லைட்டைப் பிடித்திருப்பார். படம் எடுக்க உட்கார்ந்திருப்பவரின் தோளை வலது கையால் திருத்துவார். "தோள் சரிஞ்சிருக்குதுங்க" என்பார். அவர் கையை எடுப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் படத்தை எடுத்துவிடுவார். முப்பத்தொரு வருடமும் இந்தத் தவறு நடந்தது.

அதனால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே வலது கை இருக்கிறது. மணப்பெண் தோளில் இருக்கிறது. பட்டம் வாங்கியவன் தோளில் இருக்கிறது. சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கும். அது யாருடைய கை என்று யாரும் கேட்டதில்லை. படத்தில் நாற்காலி இருந்தால் அது யாருடைய நாற்காலி என்று கேட்கிறோமா.

அப்பாவை யாரும் படம் எடுத்ததில்லை. அடையாள அட்டைக்கு எடுக்கப் போனபோது, முன்னால் நின்றவரின் தோள் சரிந்திருந்ததாம். எழுந்துபோய்த் திருத்தினார். அட்டையில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை இருக்கிறது. கல்யாணப் படத்தில் அம்மா தனியாக நிற்கிறாள். தோளில் கை.

எங்கள் வீதியில் இறந்தவர்கள் உடனே போவதில்லை. இடுப்புவரை பேனரில் நிற்பார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை நினைவேந்தல் கூட்டம். ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று நிமிடம் பேசுவார்கள். அதற்கு மேல் ஒருவரைப் பற்றிச் சொல்ல எங்கள் வீதியில் யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. பேசி முடித்ததும் இறந்தவர் கிளம்பிவிடுவார்.

பட்டியலில் இல்லாதவர் வேறு விதமாகப் போவார். கூட்டம் நெருங்க நெருங்க ஒவ்வொருவராக அவரை மறப்பார்கள். கூட்டம் முடிந்த நிமிடத்தில் அவர் இறக்காதவர் ஆகிவிடுவார். உயிரோடு இருப்பவர் என்று அர்த்தமில்லை. இருந்தே இருக்காதவர் என்று அர்த்தம். போன வருடம் அப்படி ஒருவர் போனார். யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் எட்டாம் நம்பர் வீட்டுப் பெண்மணி தினமும் இரண்டு டம்ளர் காப்பி போடுகிறார். இரண்டாவதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று திங்கள், கடைசி ஞாயிற்றுக்கு ஆறு நாள். காலையில் அம்மா கொடியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக் காட்டினாள்.

"இது யாரோடது கண்ணு? நம்ம கொடியில காயுது?"

"அப்பாவோடதும்மா."

"ஓ." மடித்தாள். பிறகு கேட்டாள். "எந்த அப்பா?"

தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவள். நகராட்சி நடுநிலைப் பள்ளியில் மாலை ஆறு முதல் ஏழரை வரை நாட்குறிப்பு எழுதும் வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். எஸ்தர் டீச்சர் இரண்டு விஷயங்கள் சொல்லித்தந்திருக்கிறார். பார்த்ததை முன்பக்கத்தில் எழுது. சந்தேகத்தைப் பின்பக்கத்தில் எழுது. மற்ற மாணவர்கள் முன்பக்கம் தீர்ந்து புது நோட்டு வாங்குகிறார்கள். நான் பின்பக்கம் தீர்ந்து வாங்குகிறேன்.

அன்று வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவேட்டை வாசித்தார். என் பெயர் வந்ததும் நின்றார்.

"சிவரஞ்சனி. உன்ற பேருக்கு முன்னால ஒரு புள்ளி மட்டும் இருக்குது. எழுத்த யாரு எடுத்தது?"

"தெரியலைங்க டீச்சர். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரும்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறதையெல்லாம் பின்பக்கம் எழுது" என்றார்.

*

செவ்வாய்க்கிழமை சங்க அலுவலகம் போனேன். அது தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறது. படிகள் பதினெட்டு. எண்ணாமல் ஏறினால் பதினெட்டு. நான் எண்ணுவேன். சரியாக எண்ணினேனா என்று ஒருமுறை சந்தேகப்பட்டால் ஆறு படி கூடும். அன்று நாற்பத்திரண்டு படி ஏறினேன். என்னைப் பொறுத்தவரை அது நல்ல நாள்.

செயலாளர் தண்டபாணி போன மாதத்திலிருந்து மைக் ஆகிக்கொண்டிருக்கிறார். கழுத்துக்கு மேல் முடிந்துவிட்டது. கீழே இன்னும் வெள்ளை வேட்டிதான். டாக்டர் கவலைப்பட ஒன்றுமில்லை என்றாராம். இருபது வருடம் செயலாளராக இருந்தால் வருவதுதான்.

"ஹலோ. ஹலோ. ஒன் டூ. வாங்க அம்மிணி."

"அப்பா பேரு பட்டியல்ல இல்லைங்க."

"யாரு?"

"மாரப்பன். ஸ்டுடியோ மாரப்பன்."

"கேட்ட பேராட்டத்தான் இருக்குது." கீச்சென்று ஓர் ஒலி வந்தது. தலையைச் சன்னல் பக்கம் திருப்பினார். ஒலி நின்றது. "மூஞ்சி இருக்குதா?"

"கை இருக்குதுங்க."

"கைக்கு மாலை எங்க போடறது அம்மிணி?"

"மணிக்கட்டுலங்க."

"அது வளையலாட்ட ஆயிரும். ஆம்பளைக்கு நல்லாருக்குமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

படிவம் ஒன்பதை எடுத்துக் கொடுத்தார். நினைவுகூரப்படும் தகுதிக்கான விண்ணப்பம். முதல் கேள்வி, இறந்தவர் பழகுவதற்கு இனிமையானவரா. எதிரே 'ஆம்' என்று அச்சிலேயே இருந்தது. இரண்டாவது, அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாததா. அங்கும் 'ஆம்'. மூன்றாவது, வீதிக்கு அவர் ஆற்றிய தொண்டு. 'அளப்பரியது'. நான் நிரப்ப வேண்டியது பெயரை மட்டும். அதையும் சங்கமே எழுதிக்கொள்ளும் என்றார். சிரமம் வேண்டாமாம்.

"கை மட்டும்னா ஒரு வழி இருக்குது" என்றார் தண்டபாணி. "கைக்கு ஒரு தோள் வேணும். அந்தத் தோளுக்காரங்க, இது இன்னாரு கைதான், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லோணும். பேனர்ல மூணு பேரு தோள்லயும் ஒரு கை இருக்குது பாருங்க. மூணு பேரும் ஒத்துக்கிட்டாப் போதும்."

"அவங்க இறந்துட்டாங்களேங்க."

"அதனாலென்ன? வீட்டு வாசல்ல பேனர்லதான் இருப்பாங்க. வேற எங்க போறாங்க?"

சங்கத்தின் விதிப் புத்தகம் மேசையில் தூசி படிந்து கிடந்தது. படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தண்டபாணி வெகுநேரம் இரைந்தார். சிரிப்பு என்று பிறகுதான் புரிந்தது. இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லையாம். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

*

புதன்கிழமை முதலில் ரைஸ்மில் அவிநாசியப்பனிடம் போனேன். உயிரோடு இருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சாக்கடை தன் சுவரை உரசுகிறது என்று பன்னிரண்டு வருடம் வழக்கு நடத்தியவர். பேனரில் 'விட்டுக்கொடுக்கும் உள்ளம்' என்று போட்டிருந்தார்கள். அவர் அதைத் தலைகீழாகப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

"என்னமோ எழுதியிருக்கறானுக. நல்லதாத்தான் எழுதியிருப்பானுக" என்றார்.

"ஆமாங்க. உங்க தோள்ல இருக்கற கை யாரோடதுங்க?"

"மந்திரியோடது."

"எந்த மந்திரிங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது."

"இது எங்கப்பா கைங்க. சுண்டுவிரல் வளைஞ்சிருக்குது பாருங்க."

"மந்திரிக்கு வளையக்கூடாதா? மந்திரின்னா வளையாத விரலா?" பேனர் காற்றில் உப்பியது. "இருவத்தஞ்சு வருசம் இந்தப் படத்த மில்லுல மாட்டியிருந்தேன். அதிகாரி வந்தா இந்தக் கையத்தான் பாப்பான். பாத்துட்டுப் பேசாமப் போயிருவான். லைட்டுப் புடிக்கறவன் கையின்னா போவானா? செத்ததுக்கு அப்பறம் என்ற மானத்த வாங்கலாம்னு வந்தயா?"

எழுதிக்கொண்டேன். மறுத்தார்.

அடுத்தது டிபன் கடை ராமாத்தாள். முப்பது வருடம் இந்த வீதிக்கு இட்லி விற்றவர். அவருடைய சட்னியில் தேங்காய் இருக்கிறதா என்பது வீதியின் பழைய விவாதங்களில் ஒன்று. இப்போது பேனரில் 'அட்சய பாத்திரம்' என்று போட்டிருந்தார்கள். எழுதியவர் அங்கே சாப்பிடாதவராக இருக்கவேண்டும்.

"வா சாமி. சாப்டயா?"

"ஆச்சுங்க. உங்க தோள்ல கை..."

"அவரு கைதான்." சட்டென்று சொன்னார். "மண்ணெண்ணெ வாங்கறேன்னு போனவரு. தொண்ணூத்தி ரெண்டுல. கேனும் வல்ல, அவரும் வல்ல. மறுவருசம் ரேசன் கார்டுக்குப் படம் எடுக்கப் போனேன். படம் கழுவி வந்து பாத்தா, தோள்ல கை. வந்துட்டுத்தான் போயிருக்கறாருன்னு நெனைச்சுக்கிட்டேன்."

பேனாவை மூடினேன். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

"உங்கப்பன் கைதான்னு எனக்குத் தெரியும் சாமி" என்றார் ராமாத்தாள். "தெரியாம இருக்குமா? தெனமும் என்ற கடையில அந்தக் கையிலதான சாப்டுட்டுப் போவான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்ன அவசரம்?"

ஞாயிறு வரைக்கும் என்று எழுதினேன். இதை ஒப்புதல் என்று கொள்வதா மறுப்பு என்று கொள்வதா என்று பின்பக்கத்தில் எழுதினேன்.

மூன்றாவது, கணக்கு வாத்தியார் துரைராஜ். 'மாணவர்களின் தோழர்'. ஆறாம் வகுப்பில் விடையைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் சரிபார்த்ததற்காக என்னை ஸ்கேலால் அடித்தவர்.

"சார், இந்தக் கை..."

"மாரப்பன் கை" என்றார். "எழுதிக்கோ. வலது. விரல் அஞ்சு. ஓய்வு பெற்ற அன்னிக்கு எடுத்த படம். எடது தோள் ரெண்டு அங்குலம் தாழ்ந்திருக்குதுங்க சார்னான். அளந்தயாடான்னேன். இல்லைங்க, பாத்தாத் தெரியுதுங்கன்னான். போர்டுல எழுதி எழுதி வலது ஏறி எடது எறங்கிப்போச்சு. முப்பத்தஞ்சு வருசம் அறுபது பசங்க தெனமும் என்னையப் பாத்தானுக. ஒருத்தனும் சொல்லல."

"அடிப்பீங்களேங்க சார்."

"அதுவும் சரிதான்."

"விரல் அஞ்சுதானுங்களா? எண்ணிப் பாத்தீங்களா சார்?"

"உன்ற நோவு இன்னும் போகலியா?" என்றார். பேனரில் கையை ஓங்கினார். ஸ்கேல் இல்லை. இறக்கிக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை கெடையாது. போ."

மூன்றில் ஒன்று ஒப்புதல், ஒன்று மறுப்பு, ஒன்று ஞாயிறு வரை. சராசரி போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

வியாழனன்று அம்மா வேட்டியை நான்காகக் கிழித்துக் கைப்பிடித் துணி ஆக்கிவிட்டாள். நல்ல துணி, யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்றாள். கல்யாணப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தனியாத்தான் நிக்கறேன். ஆனா எதுக்குச் சிரிக்கறேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். சொன்னேன். காது கேட்காதவள்போலப் படத்தை மறுபடியும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எங்கள் வீட்டுக்கூடம் நீண்டது. சமையலறையிலிருந்து வாசல்வரை போய்வர எனக்கு இருபது நிமிடம் ஆனது. வழியில் எங்கும் அப்பாவின் பொருள் எதுவும் இல்லை.

*

வெள்ளிக்கிழமை பொன்னொளி ஸ்டுடியோவுக்குப் போனேன். நெகடிவ் எங்காவது இருக்கும், ஏதாவது ஒன்றில் முகம் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஸ்டுடியோக்காரர் குழந்தைவேலு பழைய பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் இருந்தார். அப்பா இறந்த அன்று உள்ளே போனவர். சாப்பாடு துணிக்கு அடியில் போகிறது. தட்டு வெளியே வருகிறது. அப்பா பிடித்திருந்த லைட் ஆள் உயரத்தில் தானாக நின்று எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, நான் மாரப்பன் மகள்."

"எனக்கு உதவியாளே கெடையாது பாப்பா. நான் ஒத்தையாத்தான் தொழில் பாத்தேன்."

"அப்ப லைட்ட யாரு புடிக்கறது?"

துணிக்குள் அசைவு நின்றது.

"நேத்துலிருந்து இப்படித்தான்" என்றார். "பேச வாயத் தொறந்தா இதுதான் வருது. மன்னிச்சுக்கோ. நாளைக்கு இதுவும் தோணாது. என்ன வேணுமோ இப்பவே கேளு."

"அப்பா முகம் இருக்கற படம்."

"கெடையாது. எடுக்கல."

"கையையாவது நீங்க வெட்டியிருக்கலாமேங்க. எல்லாப் படத்துலயும் இருக்குது. முப்பத்தொரு வருசம் ஒரு மனுசன் கை எடுக்கறதுக்குள்ள அமுக்குவாங்களா? ஒருநாளாவது பொறுத்திருக்கக் கூடாதா?"

நான் அவ்வளவு பேசியதில்லை. பேசியது நான்தானா என்று பின்பக்கத்தில் எழுதினேன்.

"பொறுத்துப் பாத்தேன் பாப்பா" என்றார் குழந்தைவேலு. "மொத மாசம். கைய எடுன்னு சொல்லி, எடுத்ததுக்கு அப்பறம் அமுக்குனேன். எல்லாரும் போலீசு ஸ்டேசன் படமாட்ட இருந்தாங்க. அவன் கை தோள்ல இருக்கறப்ப ஒரு மூஞ்சி இருக்கும். கைய எடுத்த ஒடனே அது போயிரும். அரை நொடிதான். அவன் கை இருக்கற படத்துக்குத்தான் ஊரே என்ற கடைக்கு வந்துச்சு. நானும் அவன்கிட்ட, அடடா மாரப்பா, சீக்கரம் அமுக்கிட்டேன்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவனும், என்ற தப்புங்க, லேட்டா எடுத்துட்டனுங்கம்பான்."

"முப்பத்தொரு வருசமும்?"

"உண்மையச் சொன்னா பேரப் போடச் சொல்லிக் கூலிய ஏத்திக் கேட்டிருப்பான்னு நெனைச்சேன். கேட்டிருக்க மாட்டான். அதுவும் தெரியும்."

லைட் சற்று மங்கிப் பிறகு எரிந்தது. மின்வெட்டாக இருக்கலாம்.

*

சனிக்கிழமை தொட்டிப் படிகள் எழுபத்தெட்டு. தண்டபாணிக்கு மார்புவரை கம்பி ஆகியிருந்தது. என் நோட்டைக் காட்டினேன்.

"அவிநாசியப்பன் ஒத்துக்கல. அப்பறம் இது நடக்காதுங்க அம்மிணி."

"வேற வழி இருக்குதுங்க. விதி எட்டு. புதுத் தோள் கொண்டுவரலாம்னு இருக்குது."

"இருக்குதா?"

"யாருக்கும் ஆட்சேபணை இல்லாத தோளா இருக்கோணும். என்றது இருக்குதுங்க. எடது. பை மாட்டி மாட்டிச் சரிஞ்சது."

"நீங்க உயிரோட இருக்கறீங்களே."

"அதுக்கு விதி ஒன்பது. உயிரோட இருக்கறவங்க மூஞ்சி பேனர்ல வரக்கூடாது. தோள் வரலாம்."

தண்டபாணி நெடுநேரம் லேசாக இரைந்துகொண்டிருந்தார். விதிகளை ஒருவர் படித்துவிட்டு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. "படம் கொண்டாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள" என்றார். "நேரம் மூணு நிமிசம். நீங்களே பேசிக்கோங்க. அவருக்கு எழுதித்தர சங்கத்துல வாக்கியம் தீந்துபோச்சு."

ஞாயிறு காலை பொன்னொளி ஸ்டுடியோவில் முக்காலியில் உட்கார்ந்தேன். குழந்தைவேலுவுக்கு நான் யாரென்று நினைவில்லை. வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டார்.

"பாஸ்போர்ட் சைசா பாப்பா?"

"பெருசுங்க. பேனர் போடறதுக்கு."

"சின்ன வயசு. என்ன அவசரம்?" என்றார் துணிக்குள்ளிருந்து. "சரி. எடது தோள் சரிஞ்சிருக்குது. நிமித்து."

நான் நிமிர்த்தவில்லை. தோளை அப்படியே வைத்திருந்தேன். லைட் எரிந்தது. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. நாம் எதிர்பார்ப்பதால் நடக்கவில்லையோ என்று தோன்றியது. எதிர்பார்க்காமல் இருக்க முயன்றேன். முயற்சி செய்வது எதிர்பார்ப்பதுதானே என்று தோன்றியது. அதை எழுதலாம் என்று நோட்டை எடுக்கக் குனிந்தேன்.

தோள் மேலே போனது. ஓர் அங்குலம். நான் தூக்கவில்லை.

கிளிக் என்றது.

"அடடா" என்றார் குழந்தைவேலு. "சீக்கரம் அமுக்கிட்டேன்டா." பிறகு யாரிடம் சொன்னோம் என்று தேடுகிறவர்போலத் துணிக்குள் அப்படியும் இப்படியும் திரும்பினார்.

பிளெக்ஸ் கடையில் என் முகத்தை வெட்டினார்கள். தோளும் கையும் மட்டும் எட்டுக்கு ஆறு அடியில் வந்தன. வெறுமையாக இருக்கிறது, இரண்டு புறா போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இலவசம் என்றார்கள். அப்போதும் வேண்டாம் என்றேன். மனம் வருந்தினார்கள்.

*

கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. நான்கு பேனர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மற்ற மூன்றிலும் கை இல்லை.

"மந்திரி எங்க?" என்று அவிநாசியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். ராமாத்தாள் தன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

தண்டபாணியை இரண்டு பேர் தூக்கிவந்து மேடை நடுவில் நிறுத்தினார்கள். அவிநாசியப்பன் பழகுவதற்கு இனிமையானவர் என்றார். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். மூன்று நிமிடம் ஆனதும் மணி அடித்தது. பேனரில் வெறும் நீல வானம் மட்டும் இருந்தது. ராமாத்தாளும் பழகுவதற்கு இனிமையானவர். துரைராஜும் பழகுவதற்கு இனிமையானவர். கைதட்டினார்கள். வாத்தியார் போவதற்குமுன் தண்டபாணியின் பேச்சில் ஒரு கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்ட விரலைத் தூக்கினார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பிறகு என் பெயரைச் சொன்னார்கள். முன்னால் புள்ளியோடு.

அம்மா நான்காவது வரிசையில் இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அது யாரு தோளுங்க? நம்ம வீதியா?" என்று கேட்டாள்.

மேடைக்குப் போனேன். எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. பேசாவிட்டால் அப்பா இருந்திருக்கவே மாட்டார். மூன்று நிமிடம் பேசி முடித்தால் போய்விடுவார். சங்கம் வேறு வழி வைக்கவில்லை.

நோட்டைத் திறந்து தேதியை வாசித்தேன். அப்பா பெயர் மாரப்பன் என்றேன். வலது கைக்காரர். சாப்பாட்டில் கத்திரிக்காயை ஒதுக்குவார். சைக்கிளில் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிடுவார். பழகுவதற்கு இனிமையானவரா என்று எனக்குத் தெரியாது, அதிகம் பேசமாட்டார். எட்டு முதல் எட்டுவரை ஸ்டுடியோவில் நிற்பார். வீட்டுக்கு வந்தால் கதவு நிலை சாய்ந்திருப்பதாகச் சொல்வார். உங்கள் எல்லார் வீட்டிலும் அவர் கை இருக்கிறது. அது தவறுதலாக விழுந்ததில்லை. குழந்தைவேலு மாமா வேண்டுமென்றே எடுத்தது.

 மணி அடிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. கையை மணிக்கு அருகே கொண்டுபோனார்.

நோட்டைத் திருப்பினேன். பின்பக்கம்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றேன்.

கை மணிக்கு அருகே நின்றது.

"அவர் கை வைத்தால் தோள் சூடாக இருக்கும். அது கையின் சூடா, லைட்டின் சூடா?"

தண்டபாணி கீச்சென்றார். "அதுக்கென்னுங்க இப்ப? மணி அடிங்க."

"விதி பதினொன்று" என்றேன். "கூட்டத்தில் சந்தேகம் எழுப்பப்பட்டால், அது தீரும்வரை அந்தப் பொருள் முடிந்ததாகக் கொள்ளப்படாது. பட்டியலில் இருக்கும்."

விதிப் புத்தகத்தை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"லைட்டு சூடுதானுங்க. அந்தக் காலத்து பல்பு. ஆயிரம் வாட்டு."

"அட போய்யா" என்றார் பின்னால் ஒரு பெண்மணி. "எனக்குப் பொண்ணு பாக்கற படம் எடுத்தப்ப லைட்டு அந்தப் பக்கம் இருந்துச்சு. இந்தத் தோள்லதான் கை. இந்தத் தோளுதான் சுட்டுச்சு."

"லைட்டப் புடிச்ச கை எடது. தோள்ல வெச்சது வலது. அப்பறம் எப்படிச் சூடேறும்?"

"கை மாத்திக்குவாரு. நான் பாத்திருக்கறேன்."

"என்னத்தப் பாத்த நீ? கண்ண மூடிட்டு உக்காந்திருந்தவன். படத்துலயே தெரியுது!"

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தன் தோளைத் தொட்டுக் காட்டிப் பேசினார்கள். சிலர் இடது என்றார்கள். சிலர் வலது. எட்டாம் நம்பர் பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு தோள்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். நாற்பது நிமிடம் சண்டை நடந்தது. எங்கள் வீதியில் இறந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. கடைசியில் ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். அறிக்கை தருவதற்குக் காலவரையறை இல்லை. சங்கத்தில் இதுவரை எந்தத் துணைக்குழுவும் அறிக்கை தந்ததில்லை என்பதைப் புத்தகத்திலேயே பார்த்து வைத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை. பேனரில் கை அப்படியே இருந்தது. ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது.

அம்மா என்னோடு நடந்து வந்தாள். வீட்டுக்கூடம் பழைய நீளத்துக்கு வந்திருந்தது. பத்து எட்டில் கடந்தோம். விளக்கைப் போட்டாள். என் இடது தோளை உற்றுப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கைப்பிடித் துணிகள் நான்கையும் எடுத்துவந்து தரையில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"நல்ல வேட்டியக் கிழிச்சுப்போட்டனே கண்ணு" என்றாள். "கேட்டா என்ன சொல்றது?"

"கேக்க மாட்டாரும்மா."

"ஆமா. வாயத் தொறந்து எதைக் கேட்டிருக்கறாரு." ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். "நீ நேரா உக்காரு. இல்லாட்டி உங்கப்பன் சும்மா இருக்கமாட்டாரு."

நோட்டை எடுத்து முன்பக்கத்தில் தேதி போட்டேன். பார்த்ததை எழுதினேன். எழுதி முடித்ததும் இடது தோளைக் கொஞ்சம் சரித்து வைத்தேன்.

நேராகும்வரை காத்திருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.